மோட்டார் ஓடாத பத்து நிமிஷம்

"மீ லா பீ!"

கரண்டு வந்துவிட்டது என்று தெருவே பர்மியத்தில் போடும் கூச்சல். எங்கள் பபேடான் தெருவில் அதை யாரும் தனியாளாகச் சொல்வதில்லை. எதிர்வீட்டு ஐந்தாம் மாடியில் ஒரு குரல் தொடங்கும், பீடாக்கடை பிடித்துக்கொள்ளும், பள்ளிவாசல் சந்து வரை ஓடித் திரும்பி வரும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சும்மா இருக்கும். அப்புறம் தண்ணீர் மோட்டார்கள். கட்டடத்துக்கு ஒரே குழாய்க்கிணறு, வீட்டுக்கு ஒரு மோட்டார். முதலில் போடுகிறவன் தொட்டி நிறையும், பிந்துகிறவன் குழாயில் காற்று விசில் அடிக்கும். அதனால் கூச்சல் அடங்குமுன் பன்னிரண்டு மோட்டாரும் உறுமும், படிக்கட்டுச் சுவர் நடுங்கும், மாடத்தில் கவிழ்த்து வைத்த தட்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளும்.

இன்று மத்தியானமும் கேட்டது. கூச்சலுக்கும் உறுமலுக்கும் நடுவிலிருக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் சிரித்துவிட்டேன், கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு. அந்த ஒரு மூச்சை ஒரு நாள் பத்து நிமிஷமாக இழுத்து நீட்டியவள் என் நாத்தனார்.

அவள் ஆறாம் மாடி, நாங்கள் நாலாம் மாடி. கல்லூரியில் பௌதிகம் நடத்தியவள், பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். என்னைவிட மூன்று வயது இளையவள். என் மாமியார் பர்மியப் பெண் என்பதால் இவளுக்குத் தமிழும் பர்மியமும் ஒரே வாயில் இரண்டு பக்கக் கடைவாய்ப்பல் மாதிரி. சண்டை போடத் தமிழ், எண்ணுவதற்குப் பர்மியம். மின்னல் வெட்டினால் போதும், "தித், ஹ்நிட், தோன்" என்று விரல் மடக்க ஆரம்பிப்பாள். இடி கேட்டதும் நிறுத்தி, "ஒரு கிலோமீட்டர்தான், மதினி" என்பாள், யாரோ உறவுக்காரர் பஸ் இறங்கிவிட்டார் என்று சொல்கிற சந்தோஷத்தில்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியில் அவளுக்குப் பாங்காக் போக டிக்கெட் போட்டாயிற்று. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தும் வேலை. போகுமுன் அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டும்: எங்கள் மொட்டைமாடியில், ஒரே ஒரு தடவை, மின்னலிலிருந்து வரும் காமாக் கதிரைப் பிடித்துவிட வேண்டும். ஆறு மழைக்காலமாக அதற்கென்று ஒரு கருவி செய்துகொண்டிருந்தாள். கருவி முடிந்தது, டிக்கெட்டும் வந்தது, இரண்டும் ஒரே மாதத்தில்.

"கருவியையும் கொண்டு போயேண்டி" என்றேன்.

"நீங்களே பாருங்க, மதினி. சுத்திலும் கம்பி, உள்ள பேட்டரி, மேல கறுப்பு டேப். விமான நிலையத்துல திறந்து காட்டி, இது சாப்பாடு இல்லைன்னு எந்த மொழியில சொல்றது?"

சாப்பாடு என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கருவி வாழ்ந்தது ஒரு நாலடுக்கு எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள். அடித்தட்டில் ஒரு படிகம். பழைய சாமான் கடைத் தெருவில், எந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டியில் கிடைத்தது. காமாக் கதிர் பட்டால் அது மினுக்கென்று ஒளிரும், நம் கண்ணுக்குத் தெரியாத மினுக்கு. அதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழல். குழலுக்காக நடுத்தட்டுகளின் அடியை அறுத்துவிட்டாள். மேல்தட்டில் பேட்டரி. எவர்சில்வர் சட்டி வெளி மின்சாரத்தை உள்ளே விடாது என்பது அவள் கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறும்போதெல்லாம் யாராவது ஒருவர், "என்ன குழம்பு?" என்பார். அவளும் சளைக்காமல், "கத்திரிக்காய்" என்பாள்.

நான் வாக்கியங்களோடு மாரடிக்கிறவள். ஒரு வரியில் நிலையாக உட்காரத் தெரியாது எனக்கு. மேகம் என்றால் மயில், மேகம் என்றால் ஏக்கம் என்று எழுதி எழுதி அலுத்துப்போன சமயத்தில், மேகத்துக்குள்ளே நிஜமாக என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பையை என் கையில் கொடுத்து, என்னை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குள் இறங்கிவிட்டாள்.

சாயங்கால நெரிசல். சமோசாக்காரன், செருப்புக்கடை, கோவில் பூ, ஒருவர் தோள்மேல் இன்னொருவர்.

"மேகத்துக்குள்ள பனித்தூளும் குறுணி ஆலங்கட்டியும் உரசி உரசி, மேல ஒரு மின்னூட்டம், கீழ ஒரு மின்னூட்டம்னு பிரிஞ்சு நிக்குது. நடுவுல பயங்கரமான இழுப்பு. அங்க ஒரு எலக்ட்ரான் மாட்டிக்கிதுன்னு வைங்க. நீங்கதான் எலக்ட்ரான். நடங்க."

நடந்தேன். பத்தடிக்குள் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி நலம் விசாரித்தாள், ஒருத்தன் துணியை விரித்தான், சமோசாக்காரன் சூடாக இருக்கிறது என்றான்.

"பாத்தீங்களா? மெதுவாப் போனா காத்து பிடிச்சு நிறுத்திடும். இப்ப ஓடுங்க."

"இந்த வயசுலயா?"

"ஓடுங்க மதினி!"

ஓடினேன். ஐம்பதைத் தொடப்போகிற ஒரு பெண்பிள்ளை பையோடு ஓடி வந்தால் கூட்டம் தானாக விலகுகிறது. ஒருவரும் நலம் விசாரிக்கவில்லை. தெருமுனையில் மூச்சு வாங்க நின்றபோது அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

"அவ்வளவுதான் விஷயம். ஒரு வேகத்தைத் தாண்டிட்டா காத்தால பிடிக்க முடியாது. ஓட ஓட வேகம். வழியில இடிபட்ட அணுவிலேருந்து இன்னொரு எலக்ட்ரான் கழண்டு அதுவும் ஓடும். ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, பெரிய ஓட்டம். அப்படி ஓடுறது ஒரு அணுக்கருப் பக்கமா வளைஞ்சு திரும்பும்போது, தன்கிட்ட இருக்கிற சக்தியைக் கதிரா வீசிட்டுப் போகும். அதுதான் காமா. எல்லாம் ஒரு நிமிஷம் கூட இல்ல, ஒரு விநாடியில ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சிடும்."

நட்சத்திரங்கள் சாவதைப் பார்க்க அனுப்பிய செயற்கைக்கோளில்தான் முதலில் இது தெரிந்ததாம். ஆகாயத்தின் ஆழத்திலிருந்து வரும் என்று காத்திருந்த வெளிச்சம், முதுகுப் பக்கமிருந்து, இந்தப் பூமியிலிருந்து வந்ததாம். அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கியது. நம் தலைக்கு மேல், துணி காயும் கொடிக்கு மேல், நட்சத்திரங்கள் செய்கிற காரியத்தை ஒரு மழைமேகம் செய்கிறது. அன்றைக்கு வாங்கிய கொத்தமல்லிக்கட்டு, நான் ஓடிய ஓட்டத்தில் பைக்குள் நசுங்கி மணத்துக்கொண்டிருந்தது.

"நமக்கு வருமா?"

"வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். முக்கால்வாசி மேல போயிடும். கீழ வர்றதை வழியிலேயே காத்து தின்னுடும். மேகம் தாழ்வா இருக்கணும், ரொம்பப் பக்கத்துல வெட்டணும்." பிறகு, "ஆனா வரலாம்" என்றாள்.

ஏப்ரல் கடைசியில் முதல் இடிமழை வந்தது. சாயங்காலம், கரண்டு இல்லை. தூக்குச்சட்டியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் தார்ப்பாயின் கீழ் வைத்துவிட்டு, நாங்கள் ஆறாம் மாடியில் அவள் வீட்டுக்குள் மடிக்கணினி முன் உட்கார்ந்துகொண்டோம். மின்னும்போது மொட்டைமாடியில் நிற்க அவளுக்கு ஆசை உண்டு, பைத்தியம் இல்லை. திரையில் ஒரு கோடு புல்தரை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மழை வலுத்ததும் புல் மெல்ல உயர்ந்தது.

"வந்துடுச்சா?"

"இது மழை. காத்துல ரேடான்னு ஒரு கதிர் வாயு இருக்கு, அதோட பிள்ளைகளை மழை கழுவி இறக்குது. கொஞ்ச நேரத்துல தானா அடங்கும். நம்ம ஆளு இப்படி மெதுவா வரமாட்டான். ஆணி அடிச்ச மாதிரி வருவான்."

மழைத்துளி ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை கதிரோடு இறங்குகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதை நினைத்துக்கொண்டே நான் ஜன்னலைப் பார்க்க, ஒரு வெட்டு, வெள்ளை வெளேரென்று, திரையில் ஆணி. உச்சிவரை.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நான் கத்தினேன். அவள் கத்தினாள். அதே நொடியில் தெருவே கத்தியது. எதிர்மாடி, பீடாக்கடை, சந்து, எல்லாம். எங்கள் இருவருக்கும் அந்தக் கணத்தில் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. ஊரே எங்களோடு சேர்ந்து கொண்டாடுகிறது என்றே நினைத்தோம். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

மேலே விளக்கு எரிவதை முதலில் பார்த்தவள் நான்தான்.

படியிறங்கிப் போனோம். தரைத்தளத்தில் மோட்டார் வரிசை முன்னால் என் வீட்டுக்காரர், லுங்கியை மடித்துக் கட்டி, விசை மேல் விரலோடு, வெற்றி வீரராக நின்றார். கூச்சல் முடியுமுன் மோட்டார் போடுவதில் அவரை அடிக்க எங்கள் கட்டடத்தில் ஆள் கிடையாது. கரண்டு வரப்போவது அவருக்கு முழங்காலில் தெரியும் என்பார்கள்.

"இன்னைக்கும் நான்தான் முதல்" என்றார்.

நாத்தனார் அவர் விரலையே பார்த்தாள். "அண்ணே, ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க."

அடுத்த நாள் முழுக்க அதுதான் வேலை. அவர் கீழேயிருந்து, "இப்போ?" என்று கத்துவார். மேலே ஆணி. "இப்போ?" மறுபடி ஆணி. அவருக்கு ஒரே பெருமை. மின்னலிலிருந்து வந்த கதிர் என்று நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்ததெல்லாம், என் கணவர் மோட்டார் போட்டபோது கம்பி வழியாகச் சட்டிக்குள் புகுந்த மின்அதிர்ச்சிக்குத்தான்.

அவள் அழவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே எதையோ குடைந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இன்னொரு தூக்குச்சட்டியோடு வந்தாள். அதற்குள்ளும் அதே மாதிரிக் குழல், படிகம் மட்டும் இல்லை. "இது குருடு" என்றாள். "மோட்டார்னா ரெண்டும் கத்தும். நிஜமா வந்தா படிகம் இருக்கிறது மட்டும் கத்தும், குருடு சும்மா இருக்கும். பொய்யை இது காட்டிக்கொடுக்கும். ஆனா பன்னிரண்டு மோட்டாரும் ஓடுற சத்தத்துக்குள்ள ஒரு உண்மை வந்தா, அதை எப்படிப் பிடிக்கிறது?"

அதனால்தான் அவள் அந்தக் கேட்கக்கூடாததைக் கேட்டாள். இடிமழை நேரத்தில் கரண்டு வந்தாலும், மழை ஓயும்வரை யாரும் மோட்டார் போடக் கூடாது.

இந்த ஊரில் இதைக் கேட்பது, சம்பந்தி வீட்டுப் பந்தியில் இலையை எடு என்பது போல. கட்டடமே படிக்கட்டில் கூடிற்று. மூன்றாம் மாடிப் பர்மியப் பெரியவர் டோ அம்மா, கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து காயாமல், இடுப்பில் கைவைத்து நின்றார். எங்கள் கட்டடத்தில் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். பர்மியத்தில்தான் பேசுவார், தமிழில் திட்டினால் மட்டும் முழுசாகப் புரியும்.

"அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"சத்தம் கேட்குமா?"

"கேட்காது."

"வந்தால் நமக்கு என்ன கிடைக்கும்?"

நாத்தனார் ஏதாவது பெரிதாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் நட்சத்திரம், பூமி என்று அளந்திருப்பேன். அவளும் பர்மியத்திலேயே, "ஒண்ணும் கிடைக்காது, டோ அம்மா. வந்ததுன்னு தெரியும்" என்றாள்.

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். டோ அம்மா சிரிக்கவில்லை. "என்றைக்குப் போகிறாய்?"

"இன்னும் மூணு வாரம்."

"அப்படியானால் யாரும் முந்தக் கூடாது. நிறுத்தினால் பன்னிரண்டு வீடும் நிறுத்த வேண்டும்." சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

மழை ஓய்ந்ததும் எப்படிச் சொல்வது? அதற்கும் டோ அம்மாதான் வழி சொன்னார். எங்கள் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுப் பலகணியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கவ்வி. பேப்பர்காரன் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், பேப்பரைக் கவ்வியில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வோம். மழை நின்றதும் நாத்தனாரே தெருவில் இறங்கிப் பன்னிரண்டு கயிற்றையும் இழுக்க வேண்டும். மணி கேட்டபின் மோட்டார்.

இரண்டு மழை வந்தது, கரண்டு வரவில்லை. ஒரு மழை வந்தது, மின்னல் ஓடைக்கு அப்பால் தாகேதா பக்கமாகவே சுற்றிவிட்டுப் போயிற்று. அவள் எண்ணிப் பார்த்தாள், "ஒன்பது கிலோமீட்டர்" என்றாள், பெட்டி கட்டப் போய்விட்டாள். டிக்கெட்டுக்கு நாலு நாள்தான் பாக்கி.

அன்று சாயங்காலம் நாலு மணி. ஓடைக்கு அப்பாலிருந்து வானம் கத்தரிப்பூ நிறத்தில் எழுந்து வந்தது. காற்றில் தகரமும் மண்ணும் கலந்த வாசனை. பலகணிகளில் ஒவ்வொன்றாக வாளி, அண்டா, குழந்தை குளிக்கும் தொட்டி எல்லாம் வெளியே வந்தன. மோட்டார் இல்லாவிட்டால் மழையையே பிடித்துவிடலாம் என்று கட்டடமே முடிவு செய்திருந்தது. மேகம் அவ்வளவு தாழ்ந்து வந்ததை நான் பார்த்ததில்லை, ஆன்டெனாக்கள் அதில் சொருகி நிற்பது போல் இருந்தது. மழை கொட்டியது. புல் உயர்ந்தது. ரேடான் பிள்ளைகள் இறங்கினார்கள்.

"மீ லா பீ!"

தெரு கத்தியது. நான் மூச்சைப் பிடித்தேன். பக்கத்துக் கட்டடத்தின் மோட்டார்கள் தூரத்தில் முனகின. எங்கள் கட்டடம் பேசவில்லை. சுவர் நடுங்கவில்லை, தட்டுகள் பேசவில்லை. மழை அண்டாக்களில் விழும் சத்தம் மட்டும், பன்னிரண்டு சுருதியில். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு ஓடிப் படிக்கட்டு வழியே எட்டிப் பார்த்தேன். இரண்டு மாடி கீழே என் வீட்டுக்காரர், இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, விரதக்காரர் மாதிரிக் கண்ணை மூடி நின்றார்.

திரும்பி வந்து உட்காரவில்லை, வெட்டியது. எண்ண ஆரம்பித்தவள் "தித்" என்று சொல்லக்கூட நேரமில்லை, இடி ஜன்னலை உலுக்கிற்று.

திரையில் ஆணி. கீழே குருட்டின் கோடு: வெறும் புல்.

அவள் கத்தவில்லை. திரையை விரித்து விரித்துப் பார்த்தாள். ஒரே ஆணி என்று நான் நினைத்தது, நெருக்கிப் பார்த்தால் ஏழெட்டு மினுக்குகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள். கடைத்தெருவில் ஓடிய கூட்டம்.

"அதானா?" என்றேன்.

"இருக்கலாம்." மறுபடி விரித்துப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணை வச்சுச் சொல்லிடக் கூடாது, மதினி. வேற என்னவா இருக்கலாம்னு எழுதி, ஒவ்வொண்ணா அடிச்சுப் பாக்கணும்." சொல்லிக்கொண்டே அவள் முகம் உடைந்து சிரிப்பாகப் போயிற்று. என் கையைப் பிடித்து அவள் கழுத்தில் வைத்தாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷம் கழித்து மழை தணிந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஆறு மாடி இறங்கி ஓடினாள், நானும் பின்னால். தெருவில் கணுக்கால் தண்ணீர். முதல் கயிற்றை அவள் பிடித்தாள், மணி அடிக்குமுன் கரண்டு போய்விட்டது.

பன்னிரண்டு பலகணியிலும் தலைகள்.

"உன் வெளிச்சம் வந்ததா?" என்று மேலேயிருந்து டோ அம்மா கேட்டார்.

"வந்த மாதிரி இருக்கு, டோ அம்மா!"

"மாதிரியா? ஒரு மாதிரிக்காகவா நான் குளிக்காமல் இருக்கிறேன்?"

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அப்புறம் தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்காமல், நாத்தனார் ஈரக் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள், எதற்கென்று இல்லாமல், பன்னிரண்டையும். மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன. மேலே யாரோ நிறைந்த அண்டாவிலிருந்து ஒரு குவளை மொண்டு எங்கள் தலையில் ஊற்றினார்கள்.

போகிற அன்று காலை இரண்டு தூக்குச்சட்டியையும் என் சமையலறை மாடத்தில் வைத்துவிட்டு, அந்த ஏழெட்டு மினுக்கின் படத்தை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொண்டாள். வேறு என்னவாக இருக்கலாம் என்ற பட்டியலில் அதற்குள் ஐந்தை அடித்திருந்தாள், இரண்டு பாக்கி. அதைப் பாங்காக்கில் அடித்துக்கொள்வாளாம். அவள் அண்ணன் பெட்டியை டாக்சியில் ஏற்றினார், ஏற்றியும் கைப்பிடியை விடவில்லை. டோ அம்மா மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் ஒரு பொட்டலம் இறக்கினார், வழிக்குச் சாப்பாடு. வண்டி நகர்ந்தது. அவள் கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டித் திரும்பிக் கத்தினாள்:

"மதினி! வானம் கறுத்தா, அண்ணன் கையைப் பிடிச்சு வச்சுக்கோங்க!"